பன்னிரண்டு பக்கச் சீன எழுத்து

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் பொறுக்காது. பர் துபாயில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தில் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். ஒரு வருஷம் அத்தனை பிள்ளைகளும் மணிச்சட்டம் வைத்துக் கணக்குப் போட்டன. அடுத்த வருஷம் அத்தனைக்கும் கீபோர்டு. அதற்கடுத்து கராத்தே. வெள்ளை உடுப்பும் மஞ்சள் பெல்ட்டுமாக லிஃப்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். எதுவும் ஒன்பது மாதம் தாண்டாது. கீபோர்டுகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள, பெற்றோர் அடுத்த கிளாஸ் எங்கே என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரிவார்கள். இவர்களை நினைத்தாலே எனக்கு இளக்காரம்தான். அதே நேரத்தில் ஒவ்வொரு கிளாஸிலும் என் மகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சீன எழுத்து எங்கள் வீட்டுக்குள் வந்ததும் இந்த வழியில்தான். நாங்கள் இருந்தது ஷேரிங் ஃபிளாட். இரண்டு படுக்கையறை, இரண்டு குடும்பம், சமையலறை பொது. அடுத்த அறையில் இருந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சீனாவிலிருந்து மேசை விளக்கும் செல்போன் உறையும் வரவழைத்து மொத்த வியாபாரம் செய்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்வருவார். திரும்பி வந்த வாரம் முழுக்க சமையலறையில் சீனப் புராணம்தான். அவருக்குத் தெரிந்தது முப்பது சீன வார்த்தைகள். அந்த முப்பதையும் அவர் சொல்லும் அழகைக் கேட்டால் எந்தச் சீனாக்காரனும் பேச்சை விட்டுவிட்டு கால்குலேட்டரை எடுத்து நீட்டிவிடுவான்.

ஒருநாள் டீ போட்டுக்கொண்டே சொன்னார். “தம்பி, இங்கிலீசெல்லாம் நம்மளோட கலாஸ், முடிஞ்சுபோச்சு. நம்ம புள்ளைங்க காலத்துல பூரா சைனாதான். நான் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“பேசக் கத்துக்கிட்டாப் போதாதா பாய்?”

“எழுத்து தெரியாம என்னத்தப் பேசி? போன தடவை விளக்குன்னு நெனச்சு நாப்பது பெட்டிய எறக்கிட்டேன். பிரிச்சா கொசு அடிக்கிற பேட்டு. பெட்டி மேல தெளிவா எழுதித்தான் இருக்கு. நமக்குல்ல படிக்கத் தெரியல!”

ஒரு மனிதர் கொசு பேட்டு வாங்கி ஏமாந்ததற்காக இரண்டு குழந்தைகள் சீனம் எழுதப் போனார்கள். அவர் மகனும் என் மகளும். இருவருக்கும் எட்டு வயது.

வகுப்பு வெள்ளிக்கிழமை காலையில், க்ரீக்குக்கு அந்தப் பக்கம் தேராவில். அப்ரா என்கிற மரப்படகில் ஏறி அக்கரை போய், துணிக்கடை ஒன்றுக்கு மேலே இரண்டு மாடி ஏற வேண்டும். ஒரு வீட்டு ஹாலைத்தான் வகுப்பறையாக்கி வைத்திருந்தார்கள். டீச்சர் ஒரு சீனப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். கீழே எங்கேயோ கணவருக்குப் பை, பெட்டி விற்கிற கடை. ஆங்கிலம் மொத்தமாகப் பத்துப் பதினைந்து சொல் தெரியும். வகுப்பில் பாதி சீன வியாபாரிகளின் பிள்ளைகள், மீதி நம் பிள்ளைகள். பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்களையும் உட்கார வைத்துவிட்டார். பெற்றோர்கள் செல்போனை நோண்டிக்கொண்டு, தங்கள் பிள்ளை அடுத்த பிள்ளையைவிட வேகமாக எழுதுகிறதா என்று நடுநடுவே எட்டிப்பார்ப்பார்கள்.

முதல் மாதம் முழுக்க வெறும் கோடு. படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு, இடது பக்கம் சாய்வது, வலது பக்கம் சாய்வது, ஒரு புள்ளி. நான் அலுத்துப்போனேன், இதற்கா படகேறி வருகிறோம் என்று. அதற்குப் பிறகுதான் எழுத்து. முதலில் டீச்சர் வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு கோடாகப் போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் பென்சிலைத் தொடக்கூடாது. விரலைத் தூக்கிக் காற்றில் எழுத வேண்டும், ஒன்று, இரண்டு என்று சீனத்தில் எண்ணிக்கொண்டே. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆகாயத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும். பிறகு கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவிலும் புள்ளிக் கோட்டால் ஒரு குறுக்கு. எழுத்து அந்தக் குறுக்குக்கு நாலு பக்கமும் சமமாக உட்கார வேண்டும். ஒரே எழுத்தை இருபது தடவை. கோடு போடும் வரிசை தப்பினால், எழுத்து பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் ரப்பரைக் கொடுத்து அழிக்கச் சொல்லிவிடுவார்.

இது எனக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நான் சிவில் டிராஃப்ட்ஸ்மேன். ஐ.டி.ஐ.யில் டி-ஸ்கொயரும் பேனாவுமாகக் கையால் வரைந்து படித்தவன். துபாய்க்கு வந்தபின் எல்லாம் கம்ப்யூட்டர் என்றாலும், சைட்டிலிருந்து வரும் திருத்தங்களை வரைபடத்தின் மேலேயே கையால் எழுதுவது நான்தான். என் எழுத்தை எங்கள் லெபனான் எஞ்சினியர் ஆள் கூட்டிக் காட்டுவார். முடிவில் வடிவம் சரியாக இருந்தால் போதும், எந்தக் கோட்டை எப்போது போட்டால் யாருக்கென்ன? இதுதான் என் கட்சி.

மகளுக்கோ இந்தப் பைத்தியக்காரத்தனம் பிடித்துப்போயிற்று. அதற்குக் காரணம் இருந்தது. அவள் எதையும் மெதுவாகச் செய்கிறவள். பள்ளிக்கூட டைரியில் வாரம் ஒருமுறையாவது சிவப்பு மையில் ‘வெரி ஸ்லோ’ என்று வரும். போர்டில் எழுதியதைக் காப்பி செய்து முடிப்பதற்குள் மிஸ் அழித்துவிடுவார். வீட்டில் நான் அவளை ஆமை என்று கூப்பிட்டேன். செல்லமாக என்று சொல்லிக்கொள்ளலாம். செல்லமாக இல்லை, எரிச்சலில்தான். அப்படிப்பட்டவளின் நோட்டைத் தூக்கிப் பிடித்து அந்தச் சீன டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதற்கும் காட்டினார். அவள் தலையைத் தொட்டு, “ஸ்லோ. ஸ்லோ குட்” என்றார். அந்த வார்த்தையை ஒருவர் குறையாக அல்லாமல் சொல்லி என் மகள் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்ராவில் திரும்பும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். பெருமைப்பட்டிருக்க வேண்டும். மெதுவாக எழுதுவதற்கு ஒரு பாராட்டா, நம்மைக் கிளாஸில் பிடித்து வைக்கத்தான் இந்தப் பெண்மணி இப்படி ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்தேன்.

டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். பெட்டி மாதிரி இருக்கிற எழுத்துகளை எழுதும்போது, முதலில் ஆட்கள் உள்ளே வர வேண்டும், பிறகுதான் கதவை மூட வேண்டும். அதாவது இடது சுவர், பிறகு மேலேயும் வலதுபுறமும் ஒரே கோடாக மடங்கும் சுவர், பிறகு உள்ளே இருப்பது, கடைசியில்தான் அடிக்கோடு. ஒரு சாயங்காலம் சமையலறை மேசையில் அவள் ‘வயல்’ என்ற எழுத்தை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி, உள்ளே ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். நான் பென்சிலை வாங்கி, தமிழ் ‘ப’ ஒன்று போட்டு, மேலே மூடியை வைத்து, நடுவில் கூட்டல் குறி போட்டுக் காட்டினேன்.

“அப்பா, டோரை ஃபர்ஸ்டே க்ளோஸ் பண்ணிட்டீங்க” என்றாள். “உள்ள யாருமே வரலை.”

“நாலு சுவர் எழுப்பாம உள்ள என்னத்த வைப்பே? சுவரைக் கட்டிட்டுத்தான் பார்ட்டிஷன் போடணும். அப்பா ஆபீஸ்ல தினமும் அதைத்தான் செய்யுறேன்.”

“இது ரூம் இல்லப்பா. இது வயல்.”

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை எனக்குக் கோடு போடச் சொல்லித் தருவதா என்று பென்சிலை வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

முதல் நிலை முடிந்தவர்களுக்கு இரண்டாம் நிலையில் தூரிகையும் மையும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒருநாள் தூரிகையைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பிடிக்க வைத்தார். மகளுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. குளித்துவிட்டு வந்தால் பின்னல் நுனியைத் தண்ணீரில் நனைத்துச் சமையலறை டைல்ஸில் எழுதிப் பார்ப்பாள். காய்வதற்குள் அடுத்த எழுத்து. தன் வாழ்நாளில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அந்தத் தூரிகைதான். ஆனால் நிபந்தனை உண்டு. கட்ட நோட்டின் கடைசிப் பக்கம்வரை சொந்தக் கையால் எழுதி முடித்தவர்களுக்குத்தான் தூரிகை. முடிக்காதவர்கள் முதல் நிலையையே மறுபடி படிக்க வேண்டும்.

நோட்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்கு அம்மை போட்டது. பாய் குடும்பம் பயந்துபோய் ஷார்ஜாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. நான் ரோட்டோரத்து வேப்பமரத்தில் இலை பறித்து வந்தேன். அவள் தேறி எழுந்து உட்கார்ந்தபோது, நோட்டை ஒப்படைக்க நாலே நாள். பன்னிரண்டு பக்கம் பாக்கி. அவளுடைய வேகத்தில் பன்னிரண்டு பக்கம் என்றால் இரண்டு வாரம்.

“டீச்சர்கிட்ட டைம் கேக்கலாம்பா” என்றாள். “ஃபீவர்னு சொன்னா குடுப்பாங்க.”

கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வாக்கியம். ஆனால் பாய் ஷார்ஜாவிலிருந்து போன் பண்ணி, மகன் நோட்டை முடித்துவிட்டான் என்று அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார். அந்தப் பையன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவன் தூரிகை பிடிப்பான், என் பெண் அவகாசம் கேட்டு நிற்பாளா? ஆபீஸிலும் பெண் சீனம் எழுதுகிறாள் என்று ஊரைக் கூட்டி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ப்ராஜெக்டை எந்தப் பிள்ளை செய்தது? அப்பன் அம்மா செய்வார்கள், முடியாதவர்கள் ஸ்டேஷனரி கடையில் சொல்லிச் செய்து வாங்குவார்கள். மிஸ்ஸுக்கும் தெரியும், பிரின்ஸிபாலுக்கும் தெரியும். கடையில் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் செய்த தெர்மோகோல் சூரியக் குடும்பத்துக்கு மகளின் பெயரில் முதல் பரிசு வந்தது. சனிக்கிரகத்தின் வளையத்தைக் காம்பஸ் வைத்து அறுத்தவன் நான். மேடையில் போய்க் கை குலுக்கியது அவள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மேசையிலேயே பன்னிரண்டு பக்கத்தையும் முடித்தேன். அவள் எழுத்தின் அளவு, சாய்வு, பென்சிலின் கறுப்பு எல்லாம் பார்த்துப் பார்த்து. எனக்கே பிரமாதமாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டை அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாளாக அதைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“இது நான் எழுதலையேப்பா.”

“சூரியக் குடும்பம் மட்டும் நீயா செஞ்சே? கப்பு வாங்கும்போது வாயைத் திறந்தியா?”

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நோட்டைப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பூ முத்திரை குத்தினார். பாய் மகனின் கோழிக் கிளறலுக்கும் பூ விழுந்தது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். என் மகளின் நோட்டு வந்தது. டீச்சர் வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். தாளைத் திருப்பி அதன் பின்புறத்தை விரலால் தடவினார். முந்தின பக்கத்தின் பின்புறத்தையும் தடவினார். என் மகள் அழுத்தி எழுதுகிறவள், பின்பக்கம் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும். டிராஃப்ட்ஸ்மேன் தாளை அழுத்த மாட்டான். பிறகு பெட்டி எழுத்துகளின் மூலைகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேல் வலது மூலை ஒரே கோடாக மடங்க வேண்டிய இடம். என் பெட்டிகளில் அங்கே ஒட்டு இருந்தது, மூடி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு. கீழ் மூலைகள் இரண்டும் ‘ப’ மாதிரி வளைந்திருந்தன. அத்தனை வருஷத்துக் கைத்திறமையும் அரை நிமிஷத்தில் அம்பலமாயிற்று.

“ஹூ?” என்றார், என்னைப் பார்த்து.

எழுந்து நின்றேன். நாற்காலி வரிசை முழுவதும் திரும்பியது. “ஷீ ஒன்லி, மேடம். ஃபீவர். ஹோம்ல எழுதினா” என்றேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

டீச்சர் மகளைக் கூப்பிட்டுக் கையில் மார்க்கரைக் கொடுத்து, ஒரு சொல் சொன்னார். வயல். அவள் அதை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பாள், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். இப்போது ஒழுங்காக எழுதிவிட்டால் என் பொய் அத்தனை பேர் முன்னாலும் உடைந்துவிடும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு என்னைவிட முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். பலகைப் பக்கம் போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரமில்லை. பிறகு திரும்பி, இடது சுவரையும் அடியையும் வலது சுவரையும் ஒரே இழுப்பாக ‘ப’ போட்டாள். மேலே மூடியை வைத்தாள், கொஞ்சம் நீட்டி. கடைசியில் உள்ளே கூட்டல் குறி. என் பெட்டி, அச்சு அசலாக.

சீனப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் ஆறு வயதுப் பொடியன் ஒருவன் காற்றில் விரலை ஆட்டிச் சரியாக எழுதிக் காட்டினான். டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து அவள் காதோரம் சீனத்தில் ஏதோ கேட்டார். இவள் தலையை ஆட்டி ஒரே ஒரு சொல் பதில் சொன்னாள். என்ன கேட்டார், என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் மொழி பெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. நோட்டில் பூ குத்தாமல் ஓரமாக வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்து, “அகெய்ன். ஃப்ரம் ஒன்” என்றார்.

நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். “மீ ஒன்லி, மேடம்” என்று சொல்ல மூன்று சொல் போதும். பாய் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன்.

மாடிப்படி இறங்கும்போது கேட்டேன். “தெரிஞ்சே ஏன் தப்பா எழுதினே?”

“நீங்கதானப்பா நான் எழுதினேன்னு சொன்னீங்க” என்றாள். கோபமில்லை. நான் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

திரும்பி இரண்டு மாடி ஏற எவ்வளவு நேரமாகும்? டீச்சர் இன்னும் அங்கேதான் இருந்தார். தூரிகைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்திருப்பார். “வா, அப்ரா கிளம்பிடும்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அப்ரா இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று கிளம்பும்.

அடுத்த வெள்ளியிலிருந்து அவள் முன்வரிசையில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படுக்கைக் கோடு போட்டாள். ஹாலை அடுத்த அறையில் தூரிகை வகுப்பு, அங்கிருந்து மை வாசனை. டீச்சர் அவளிடம் முன்போலவேதான் நடந்துகொண்டார். இவள்தான் வேகமாக எழுத ஆரம்பித்தாள். கட்டத்தை நிரப்பினால் போதும் என்பது போல. இரண்டு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை தூங்கட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன். எனக்கும் அந்த மாடிப்படியை ஏறாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

நான் இளக்காரமாகப் பார்த்த கூட்டத்தில் ஒருவர்கூட இப்படிச் செய்ததில்லை. கடையில் சூரியக் குடும்பம் வாங்கினவன் காசைக் கொடுத்துக் கடைக்காரனை வேலை வாங்கினான். நான் என் பொய்யைச் சுமக்க எட்டு வயதுப் பிள்ளையை வேலை வாங்கினேன். என் மனைவிக்கு இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

கிளாஸை விட்ட வாரத்தில் ஒரு காலை, சமையலறையில் பாய் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூட உடுப்பில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தம்பி, பாப்பாவ நிப்பாட்டிட்டீங்களாம்ல? எம் மவன் பிரஷ் புடிச்சு எழுதுறான், செவுரு பூரா கறுப்பு.”

“அவளுக்கு அது வரலை பாய்” என்றேன். “கொஞ்சம் ஸ்லோ, தெரியும்ல.”

மகள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். “ஆமா அங்கிள், எனக்கு வரலை” என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாலை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தாள்.